'ஒன்றுமில்லை' என்னும் மருத்துவ முடிவு: பீதி நோயும் சிகிச்சைத் தேடலும்

பதற்ற நோயாளிகள் சிகிச்சையை நாடுவதில்லை என்பது மனநல எழுத்துகளில் அடிக்கடி வரும் குறை. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதற்றமும் மனச்சோர்வும் அடங்கிய பொதுவான மனநோய்களில் சிகிச்சை இடைவெளி 85 விழுக்காடு என்று கணக்கிட்டது. வெட்கமும் அறியாமையுமே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த எண், உரிய சிகிச்சை கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறது. எந்த மருத்துவரின் வாசலையும் அவர்கள் மிதிக்கவில்லை என்று சொல்லவில்லை. பதற்ற நோய்களில் ஒன்றான பீதி நோயைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். 1996இல் வெளிவந்த மாண்ட்ரியல் இதய நிறுவன ஆய்வில், நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரில் 108 பேருக்குப் பீதி நோய் இருந்தது. அவர்களில் 98 விழுக்காட்டினரின் நோயை அங்கிருந்த இதய மருத்துவர்கள் இனங்காணவில்லை. சிகிச்சையைத் தேடி வந்தவர்கள்தான் இவர்கள். கிடைத்த பதில்தான் வேறு.

அந்தப் பதிலை நம் ஊரில் எல்லோரும் அறிவர். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, கைகால் மரத்துப்போகிறது, இதோ உயிர் போய்விடும் என்று ஓடி வருபவருக்கு இசிஜி எடுக்கப்படுகிறது. சில சமயம் எக்கோவும் சேரும். பிறகு "ஒன்றுமில்லை, கேஸ்தான், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்." இதயத்தைப் பற்றிய செய்தி என்ற அளவில் இது பெரும்பாலும் சரி, நோயாளியைப் பற்றிய முடிவு என்ற வகையில் தவறு. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கியதுபோல், உடலின் இயல்பான ஓர் அசைவைச் சாவின் அறிகுறியாகப் படிப்பதே பீதியின் கரு. படித்ததும் அச்சம், அச்சத்தால் வேகமான மூச்சு, அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மரத்துப்போதலும் தலைச்சுற்றலும். அவையே மறுபடி சாவுக்குச் சாட்சியாகின்றன. மரத்துப்போதல் மெய்யாகவே நிகழ்வது. அது ஏன் வந்தது என்று சொல்லாமல் "ஒன்றுமில்லை" என்றால், தனக்கு நேர்ந்ததை மருத்துவர் கண்டுபிடிக்கவில்லை என்றே நோயாளி எடுத்துக்கொள்கிறார். நேர்மையான அனுபவத்திலிருந்து அவர் வரும் முடிவு அது. பிடிவாதம் என்று அதை ஒதுக்க முடியாது.

இதயத்தைச் சோதிக்காமல் விடலாமா என்று கேட்கலாம். கூடாது. மாண்ட்ரியலில் பீதி நோய் கண்டறியப்பட்டோரில் 44 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே இதயத் தமனி நோயும் இருந்தது. இரண்டும் ஒரே உடலில் குடியிருக்கும். ஆகவே முதல் சோதனை கடமை. சிக்கல், புதிய அறிகுறி எதுவுமின்றி எடுக்கப்படும் நான்காவது, ஐந்தாவது சோதனையில் இருக்கிறது. ஒவ்வோர் இசிஜியும் சில நாள் நிம்மதி தருகிறது. "இசிஜி எடுத்ததால் பிழைத்தேன்" என்ற பாடத்தையும் கற்பிக்கிறது. கைப்பையில் எந்நேரமும் இருக்கும் அல்பிரசோலம் மாத்திரையும், துணையின்றிப் பேருந்து ஏறாத வழக்கமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எதுவும் செய்யாதிருந்தாலும் பீதியின் அலை தானே இறங்கியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதேயில்லை.

மருந்தே போதுமே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவின் குழு 312 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. இமிப்ரமின் மருந்தும் பலன் தந்தது, உடலின் அறிகுறிகளைச் சாவாகப் படிக்காமலிருக்கப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பலன் தந்தது. சிகிச்சையை நிறுத்திய பின்னரோ, மருந்தில்லாமல் அச்சிகிச்சையைப் பெற்றவர்களிடமே பலன் கூடுதலாகத் தங்கியது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் பின்தங்கினர். குணமானதை மாத்திரையின் கணக்கில் எழுதியவருக்கு, மாத்திரை நின்றதும் கையில் மிச்சம் குறைவு என்று இதை விளக்கலாம். இது என் விளக்கமே. மருந்தைத் தூக்கியெறியச் சொல்லும் வாதமாக இதைக் கொள்ள வேண்டாம். கடும் மனச்சோர்வும் கூடியிருப்பவருக்கு அது இன்றியமையாததாகலாம்.

இத்தகைய பயிற்சி தர நம்மிடம் உளவியலாளர்கள் எங்கே என்பது நடைமுறைக் கேள்வி. கோவாவில் 24 ஆரம்பநிலை மருத்துவ இடங்களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகிறது. அங்கே மனநலப் பட்டம் பெறாத உள்ளூர் ஆலோசகர்கள், நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதில் தொடங்கி, மருத்துவரோடும் மனநல நிபுணரோடும் சேர்ந்து பணியாற்றினர். மனச்சோர்வும் பதற்றமும் உடையோரில், அரசு நிலையங்களில் 6 மாதத்தில் குணமடைந்தோர் 65.9 விழுக்காடு; வழக்கமான கவனிப்பில் 42.5. தனியார் மருத்துவரிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குணம் என்பதை எப்படி அளப்பது என்ற சிக்கல் இன்னும் எஞ்சுகிறது. ஹார்வர்டு, பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வெளியே போக அஞ்சும் நிலையும் கூடிய பீதி நோயிலிருந்து குணமடைந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. படபடப்பே வராமலிருப்பதுதான் குணம் என்றால் இது தோல்விப் பட்டியல். அடுத்த படபடப்பு வரும்போது நோயாளி எங்கே போகிறார் என்பதை அளவுகோலாக்கினால், இதே பட்டியலை வேறு விதமாகப் படிக்கலாம். இசிஜி அறைக்கா, பேருந்து நிறுத்தத்துக்கா?