தாசிலி நாஜ்ஜேர் பீடபூமி

அல்ஜீரியா தேசத்தின் தென்கிழக்குக் கோடியில், லிபியா, நைஜர் எல்லைகளை ஒட்டி, சகாராவின் மணற்பரப்புக்கு மேலே ஓங்கி எழுந்துள்ள மணற்பாறைப் பீடபூமி. 72,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள இப்பிரதேசம் 1982-இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. ஆதிகாலத்து நீரோட்டங்கள் அரித்துப் பிளந்து, பின்னர் காற்று தேய்த்துச் செதுக்கிய பாறைத் தூண்கள் கல்வனமாய்ச் செறிந்து நிற்க, வறண்ட ஓடைப் படுகைகளின் அடிநீரைப் பற்றிக்கொண்டு, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சகாரா சைப்ரஸ் மரங்கள் சில நூறே இன்றும் ஜீவித்திருப்பது பேராச்சரியம். பாறை மறைவுகளிலுள்ள 15,000-க்கும் மேற்பட்ட சித்திரங்களிலும் செதுக்கல்களிலும் நீர்யானையும் மாட்டு மந்தையும் முன்வர, குதிரையும் ஒட்டகமும் பின்தொடரும் கிரமம், பசும்பூமி பாலையான சரித்திரத்தையே உரைக்கிறது. 1956-இல் ஆன்ரி லோத் தலைமையில் சென்ற பிரெஞ்சுக் குழுவினர் எடுத்த பிரதிகள் மறு ஆண்டு பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எனினும், வர்ணம் துலங்கும் பொருட்டு மூல ஓவியங்களை நீரால் நனைத்து ஊறு விளைத்தது மிகவும் வருந்தத்தக்கது.