நோட்.ஜேஎஸ்: மாட்யூல் ஏற்றமும் கோப்புப் பாதைகளும்

சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், தனக்கு வேண்டிய வேறு கோப்பையோ வெளியார் எழுதிய தொகுப்பையோ தேடி எடுத்துக்கொள்வது மாட்யூல் ஏற்றம் எனப்படும். தேடியது கிடைக்காவிட்டால் ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’ என்ற செய்தியோடு நிரல் நின்றுவிடும். பெரும்பாலும் அந்தக் கோப்பு வட்டில் எங்கோ இருக்கவே செய்கிறது. நிரலை சர்வரில் இயக்கும் நோட் தேடிய இடத்தில்தான் இல்லை. எங்கே தேடுவது என்ற விதி பதினைந்து ஆண்டுகளில் பலமுறை மாறியதால், பழைய விதியில் எழுதிய நிரல் புதிய விதியில் தடுக்கி விழுவதும் சகஜம்.

தோற்றம்

ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்காகப் பிறந்த மொழி. ஒரு கோப்பு இன்னொன்றை அழைக்கும் வசதி அதில் தொடக்கத்தில் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, மொசில்லாவில் பணியாற்றிய கெவின் டாங்கூர் 2009 ஜனவரியில் சர்வர்ஜேஎஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அது காமன்ஜேஎஸ் எனப் பெயர் மாறியது. ரயன் டால் 2009 நவம்பரில் பெர்லின் மாநாட்டில் அறிமுகப்படுத்திய நோட், காமன்ஜேஎஸ்ஸில் பிற கோப்பை அழைக்கும் ‘ரிக்வயர்’, பிறருக்கு வழங்கும் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது.

ஆரம்பகால நோட்டில் தேட வேண்டிய ஃபோல்டர்களின் ‘ரிக்வயர்.பாத்ஸ்’ என்ற பொதுப்பட்டியல் இருந்தது. நிரல் ஓடும்போதே யார் வேண்டுமானாலும் அதில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கலாம். ஒரே வரி ஒரு கணினியில் ஒரு தொகுப்பையும் இன்னொன்றில் வேறொரு தொகுப்பையும் ஏற்றும் விபரீதம் இதனால் நேர்ந்தது. 2011இல் அதைக் கழற்றி எறிந்தது நல்ல முடிவு. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற ‘நோட்_பாத்’ என்ற சூழல் மாறி மட்டும் பழைய நிரல்களுக்காக இன்றும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. ஐசக் ஷ்லூட்டர் எழுதிய தொகுப்பு நிறுவியான என்பிஎம், 2011 மே மாதம் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து, தொகுப்புகளை அந்தந்தத் திட்டத்தின் ‘நோட்_மாட்யூல்ஸ்’ ஃபோல்டரிலேயே நிறுவுகிறது. கணினி முழுமைக்கும் பொதுவாக நிறுவிய தொகுப்பை ‘ரிக்வயர்’ கண்டுகொள்ளாமல் போவதற்குக் காரணம் இதுதான்: பொது நிறுவல் கட்டளை வரியில் இயக்குவதற்கானது.

தேடும் முறை

பெயர் நோட்டின் உள்ளமைந்த மாட்யூலுடையதாக இருந்தால் தேடலே இல்லை. பெயர் ‘./’, ‘../’ அல்லது ‘/’ என்று தொடங்கினால் அது கோப்புப் பாதை. முதலில் அதே பெயரில் கோப்பு உண்டா என்று பார்க்கும், பிறகு .ஜேஎஸ், .ஜேசன், .நோட் என்ற விகுதிகளை வரிசையாக ஒட்டிப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் அதை ஃபோல்டராகக் கருதி உள்ளே இருக்கும் பேக்கேஜ்.ஜேசனையோ இண்டெக்ஸ் கோப்பையோ நாடும். இந்த முன்னொட்டு எதுவும் இல்லாத பெயர் தொகுப்பின் பெயராகக் கொள்ளப்படும். /ஆப்/ரூட்ஸ்/லாகின்.ஜேஎஸ் என்ற கோப்பு அப்படி ஒரு பெயரைக் கேட்டால், /ஆப்/ரூட்ஸ்/நோட்_மாட்யூல்ஸ், /ஆப்/நோட்_மாட்யூல்ஸ், /நோட்_மாட்யூல்ஸ் என்று ஒவ்வொரு படியாக மேலேறித் தேடும். பக்கத்திலேயே இருக்கும் சொந்தக் கோப்பை ‘./’ போடாமல் கேட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டு தொடக்கப் புள்ளிகள்

பாதைச் சிக்கல்களில் பெரும்பங்கு ஒரே இடத்தில் முளைக்கிறது. ‘ரிக்வயர்’ வாங்கும் ‘./’, அந்த வரி எழுதப்பட்ட கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். கோப்பைப் படிக்கும் ‘ரீட்ஃபைல்’ போன்ற செயல்கள் வாங்கும் ‘./’, நிரலை எந்த ஃபோல்டரில் நின்று இயக்கினோமோ அங்கிருந்து தொடங்கும். குறி ஒன்று, பொருள் இரண்டு. திட்டத்தின் ஃபோல்டருக்குள் நின்று கையால் இயக்கும்வரை இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அதே நிரலை, குறித்த நேரத்தில் இயக்கும் க்ரானில் போட்டால் அது பயனரின் ஹோம் ஃபோல்டரில் நின்று இயங்கும். லினக்ஸில் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவையாக்கினால், வேறு இடம் குறிப்பிடாதவரை, வட்டின் வேரிலேயே நின்று இயங்கும். அமைப்புக் கோப்பு காணவில்லை என்று ‘ஈநோஎன்ட்’ பிழை வரும். அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் தரும் ‘__டிர்நேம்’ என்ற மாறியோடு கோப்புப் பெயரைச் சேர்த்து முழுப்பாதை அமைப்பதே இதற்குச் சரியான தீர்வு. நிரலின் நடுவில் இயக்க ஃபோல்டரையே மாற்றி ஒப்பேற்றுவது இன்னொரு கோப்பை உடைக்கும்.

எழுத்தின் அளவு

விண்டோஸும் மேக்கும், வழக்கமான அமைப்பில், கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கின்றன, லினக்ஸ் பார்ப்பதில்லை. யூசர்.ஜேஎஸ் என்ற கோப்பின் முதல் எழுத்து வட்டில் பெரியதாகவும் நிரலில் சிறியதாகவும் இருந்தால், எழுதியவரின் மடிக்கணினியில் எல்லாம் ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் விழும். எழுத்தின் அளவை மட்டும் மாற்றிப் பெயர் திருத்தினால் மடிக்கணினியில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுவது பாதுகாப்பு. லினக்ஸ் போலன்றி, விண்டோஸ், மேக் கணினிகளில் வேறொரு கோளாறும் உண்டு. ஏற்றிய மாட்யூல்களை நோட் முழுப்பாதையைச் சாவியாக வைத்து நினைவில் கொள்வதால், இரு விதமாக எழுதிய பெயர்கள் ஒரே கோப்பை இருமுறை ஏற்றிவிடும். தரவுத்தள இணைப்பு இரண்டாக முளைப்பதுபோன்ற புதிர்களின் வேர் சில நேரம் இதுவே.

நோட்_மாட்யூல்ஸின் வளர்ச்சி

தொடக்கத்தில் ஒவ்வொரு தொகுப்பும் தன் சார்புகளை, அதாவது தனக்குத் தேவையான பிற தொகுப்புகளை, தனக்குள்ளேயே ஒரு நோட்_மாட்யூல்ஸில் வைத்துக்கொண்டது. அடுக்கு நீண்டு விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பைத் தாண்டியது. அழிக்கக்கூட முடியாத ஃபோல்டர்கள் உருவாயின. 2015இல் வந்த என்பிஎம் 3 எல்லாவற்றையும் இயன்றவரை மேல்தளத்துக்குக் கொண்டுவந்தது. பேக்கேஜ்.ஜேசனில் குறிப்பிடாத தொகுப்பும் தற்செயலாகக் கிடைப்பது இதன் பக்கவிளைவு. ஒருநாள் சார்பு மாறினால் அது காணாமல் போகும். பிஎன்பிஎம் என்ற மாற்று நிறுவி குறியிணைப்புகளால் இந்தக் கசிவை அடைக்கிறது. டால் 2018இல் அதே பெர்லின் மாநாட்டுத் தொடரில் நோட்டைப் பற்றித் தாம் வருந்தும் பத்து விஷயங்களைப் பட்டியலிட்டபோது, நோட்_மாட்யூல்ஸும் விகுதியில்லாமல் ஏற்ற அனுமதித்ததும் இண்டெக்ஸ் கோப்பும் அதில் இடம்பெற்றன. நோட்டுக்கு மாற்றான டீனோவை அந்த உரையில்தான் அறிவித்தார்.

இஎஸ் மாட்யூல்கள்

மொழியின் தரநிலையே 2015இல் ‘இம்போர்ட்’ என்ற சொந்த முறையை வகுத்தது. நோட் அதை 2017இல் 8.5 பதிப்பில் சோதனையாகச் சேர்த்து, 2019 நவம்பரில் 13.2இல் தனிக் கட்டளைக் கொடி தேவையில்லாமல் திறந்துவிட்டது. இங்கே விகுதியை விட முடியாது, ‘__டிர்நேம்’ கிடையாது. அந்த மாறி காமன்ஜேஎஸ் கோப்பை நோட் ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்து தரும் ஐந்து மதிப்புகளில் ஒன்றாகவே இருந்தது. புதிய முறையில் அந்தப் பொதிவு இல்லை. அதற்கு ஈடான ‘இம்போர்ட்.மெட்டா.டிர்நேம்’ 20.11 பதிப்பில் வந்து சேர்ந்தது.

பிழையைத் தேடுவோருக்கு நோட்டே சில கருவிகள் தருகிறது. ‘நோட்_டீபக்=மாட்யூல்’ என்று முன்னால் இட்டு இயக்கினால் தேடல் சென்ற தடத்தை அச்சிடும். ‘ரிக்வயர்.ரிசால்வ்’ எந்தக் கோப்பு கிடைக்கிறது என்பதை முழுப்பாதையாகச் சொல்லும். 12ஆம் பதிப்பு முதல், யார் யாரை அழைத்தபோது தேடல் தோற்றது என்ற அடுக்கும் பிழைச்செய்தியோடு வருகிறது. நோட்_மாட்யூல்ஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவும் முன் இவற்றைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ‘ரிக்வயர்’ மூலம் இஎஸ் மாட்யூலை ஏற்றுவதற்கு இருந்த தடையும், அதனால் எழுந்த பிழையும் 22.12 பதிப்பில் நீங்கிவிட்டன. மேல்தளத்தில் ‘அவெய்ட்’ பயன்படுத்தும் மாட்யூல்களுக்கு மட்டும் ‘ரிக்வயர்’ இன்றும் பிழை தருகிறது.