பிள்ளை வண்டியின் கதை: பெரியதா, மடிக்கிறதா?

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் வீட்டுக்கு எடுக்கும் கோலில் இப்போது இந்தக் கேள்வியும் வருகிறது. "தங்கச்சிட பிள்ளைக்கு வண்டி பார்த்தேன். பெரிசு ஒண்டு இருக்கு, பயணத்துக்குக் கொண்டு போற சின்னது ஒண்டு இருக்கு. எதை எடுக்க?" வீட்டில் இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்து வடிவான பெரியதைச் சொல்லிவிடுகிறார்கள். அது வந்து மூன்று மாதத்தில் விறாந்தை மூலையில் நிற்கும், அதன்மேல் உடுப்புக் காயும். ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் வண்டிகளும் இவற்றில் உண்டு என்பதால் இதைச் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை. இந்த இரண்டு வண்டிகளும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் எது நமக்கு உதவும் என்பது பாதி விளங்கிவிடும்.

பெரிய வண்டி பிறந்தது மாளிகைத் தோட்டத்தில். 1733 இல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபு தன் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒரு வண்டி செய்விக்கிறார். சிப்பி வடிவம், கீழே வில்லுகள், இழுப்பதற்கு ஆடு அல்லது குட்டைக் குதிரை. அது குதிரை வண்டியின் சின்னப் பிரதி, அவ்வளவுதான். மனிதர் பின்னால் நின்று தள்ளும் வண்டிக்கு 1853 இல் சார்ள்ஸ் பர்ட்டன் என்பவர் காப்புரிமை எடுத்தார். 'பெரம்பியுலேட்டர்' என்ற பெயர் சுருங்கித்தான் 'பிராம்' ஆனது. 1877 இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் குரொஸ் கம்பனி இதை ஒரு பெரும் தொழிலாக்கியது. அகன்ற சக்கரம், வில்லு, படகு மாதிரி உடல். அதற்குள் பிள்ளை நீட்டி நிமிர்ந்து படுக்கும். அதைத் தள்ளுகிறவர் அநேகமாகத் தாயல்ல, சம்பளத்துக்கு இருக்கும் தாதி. வீட்டில் வைக்க இடம் இருந்தது, நடக்க நடைபாதை இருந்தது, தூக்க ஆள் இருந்தது. பாரத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இங்கே நம் நாட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவோம். காலி முகத்திடலில் உள்ள பழைய கல்வெட்டை நம்மில் பலர் வாசிக்காமலே கடந்திருப்போம். அந்த உலாவும் பாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கினார், 1859 இல் முடிந்தது, கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிற ஆளுநர்கள் அதைப் பேண வேண்டும் என்பது அதன் சாரம். பர்ட்டனின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையில் ஆறு வருடம்தான். பிள்ளையோடு வெளியே உலாவப் போவது என்ற பழக்கமும், அதற்கென்று ஒரு சமதரையும், அதற்கொரு வண்டியும் ஒரே காலத்தில், ஒரே வகுப்பாருக்காகத் தோன்றியவை. அந்தச் சீமாட்டிகளின் கணக்கில் நம் மூத்தம்மாமார் இருந்திருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் வீடுகளில் பிள்ளை உம்மாவின் பழைய சாரியில் கட்டிய ஏணையில் தூங்கியது, முழித்தால் யாராவது ஒருவரின் இடுப்பில் ஏறியது. வண்டி தேவைப்படவில்லை, இடுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

1889 இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சன், பிள்ளையின் தொட்டிலைத் தள்ளுகிறவரின் முகத்தைப் பார்க்கும்படி திருப்பக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று விலைகூடிய பெரிய வண்டிகளில் இந்த வசதியைப் புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். நூற்று முப்பது வருடத்துக்கு மேற்பட்ட புதுமை!

சின்ன வண்டி முற்றிலும் வேறு இடத்திலிருந்து வந்தது. ஓவன் மக்லாரன் ஒரு வானூர்திப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் மேலெழும்பியதும் சக்கரங்கள் மடிந்து இறக்கைக்குள் போகுமே, அந்த அடிப்பாகத்தில் வேலை செய்தவர். (1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசியபோது கொழும்பைக் காக்கப் பறந்தவை ஹரிக்கேன்கள். வகுப்பில் இரண்டையும் பிள்ளைகள் மாற்றி எழுதுவதுண்டு.) ஓய்வுபெற்ற பிறகு, மொஸ்கோவிலிருந்து கைக்குழந்தையோடு வந்த மகள் பாரமான வண்டியை விமானத்தில் கொண்டுவந்து பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறார். இலேசான உலோகக் குழாய், அதற்கு மேல் துணி, குடைபோல மடியும் மூட்டுகள். 1965 இல் காப்புரிமைக்குப் பதிந்தார், 1967 இல் விற்பனைக்கு வந்தது. பாரம் மூன்று கிலோவுக்கும் குறைவு.

அந்த மூன்று கிலோ செய்த வேலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். அதுவரை இங்கிலாந்தில் பிராம் வைத்திருந்த ஒரு தாய் பஸ்ஸில் ஏற முடியாது, மாடிப்படி ஏற முடியாது. கடை வாசலில் பிள்ளையோடு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாமான் வாங்குவது அங்கே சாதாரணமாக இருந்தது. இப்போது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மடித்த வண்டி. தாதி வைத்திருக்காத, கார் இல்லாத தாய் தனியே ஊர் சுற்ற முடிந்தது. நம் பார்வையில் பிள்ளை வண்டியின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. துணி இருக்கையில் பிள்ளை வளைந்துதான் இருக்கும், கழுத்து நிற்காத குழந்தைக்கு அது சரிவராது. மடியும் மூட்டு விரலையும் மடிக்கும். 2009 இல் அமெரிக்காவில் மக்லாரன் வண்டிகள் சுமார் பத்து இலட்சம் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. பிணைச்சலில் அகப்பட்டு விரல் நுனி துண்டான 12 பிள்ளைகளின் முறைப்பாடு வந்திருந்தது. மூட்டை மூடும் உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அதற்குள் பெரிய வண்டி திரும்பி வந்துவிட்டது. 1999 இல் நெதர்லாந்தின் பகபூ கம்பனி, ஒரு சட்டத்தில் தொட்டிலும் இருக்கையும் மாற்றிப் பூட்டுகிற வண்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் வந்த பிறகு அது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. பிராமின் பாரமும் திரும்பியது: பத்துக் கிலோ, அதற்கு மேலும்.

அந்தப் பாரத்தின் விலையை இன்னொருவர் கொடுக்க நேர்ந்தது. 2012 பெப்ரவரியில் இங்கிலாந்தின் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போக (சில்வர் குரொஸ் பிறந்த அதே லீட்ஸ்) சக்கர நாற்காலியில் ஒருவர் பஸ்ஸுக்கு வருகிறார். சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு தாய், தூங்கும் பிள்ளையுடன் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சாரதி கேட்டும், இது மடியாது என்று சொல்லி நகர மறுத்துவிடுகிறார். நாற்காலியை மடித்துவிட்டுச் சாதாரண இருக்கையில் இருக்கிறேன் என்று அந்தப் பயணி சொல்லியும் சாரதி ஏற்றவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரியில் வந்த தீர்ப்பு, சாரதி ஒரு தரம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது என்றது. அந்தத் தாயைத் திட்டுவது இலேசு. ஆனால் தூங்குகிற பிள்ளையோடு மடியாத வண்டியும் கையில் இருந்தால் நாமும் என்ன செய்திருப்போம்?

2012 இலேயே பிரான்ஸின் பேபிசென் கம்பனி யோயோ என்ற வண்டியை இறக்கியது. சுமார் ஆறு கிலோ, மடித்தால் விமானத்தில் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கலாம். கட்டாரிலும் துபாயிலும் இன்று "கெபின் சைஸ்" என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இதைப் பார்த்துச் செய்தவை.

ஆகவே கேட்கிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதைத்தான். பிறந்த குழந்தைக்கென்றால் முழுக்கப் படுக்க வைக்கிற இருக்கை கட்டாயம். சின்ன வண்டிகளில் பல ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், பெட்டியில் எழுதியிருப்பார்கள், வாசியுங்கள். ஆறு மாதம் வரை நம் வீட்டில் ஏணையும் மடியும் இருக்கின்றன என்றால் அதற்குப் பிறகு மடிக்கிற வண்டியே போதும். அடுத்தது பாதை. நம் ஒழுங்கைகளில் நடைபாதை இல்லை, இருக்கிற இடத்தில் வடிகான் மூடியின் ஒரு பலகையைக் காணோம், மிச்ச இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். பெரிய வண்டியின் அகன்ற சக்கரம் மணலிலும் பள்ளத்திலும் நன்றாகத்தான் ஓடும், அதை மறுக்கவில்லை. ஆனால் கிளினிக்குக்குப் போக ஓட்டோவில் ஏற்ற வேண்டுமே. பஸ்ஸில் கொண்டக்டர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். சொந்த வேனும், அகன்ற முற்றமும், காலையில் உலாவக் கடற்கரைப் பாதையும் உள்ளவர்கள் தாராளமாகப் பெரியதை எடுக்கலாம்.

வாங்குகிறவர் கடையில் ஒன்று செய்யட்டும். ஒரு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடித்து, தூக்கிப் பத்துப் படி ஏறிப் பார்க்கட்டும். பூட்டு 'டக்' என்று விழுகிறதா, மூட்டில் விரல் போகிற இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. வரும்போது பெட்டியை லக்கேஜில் போட்டு நிறையைக் கூட்டாமல், பிள்ளையும் கூட வருகிறதென்றால் விமான வாசல் வரை தள்ளிக்கொண்டே வரலாம். பெரும்பாலான விமானக் கம்பனிகள் அதற்குக் காசு எடுப்பதில்லை.