இருபது நாள் ஒண்ணுமே நடக்கல: ஒரு மீன் தொட்டியும் நைட்ரஜன் வரலாறும்

இந்த எபிசோடும் வரலாறுதான். ஆனா ஆரம்பிக்கிற இடம் என் வீட்டு ஹால்.

போன குளிர்காலத்துல சில மாசம் கொடைக்கானல்ல இருந்து வேலை பார்த்தேன். நாயுடுபுரம் பக்கத்துல ஒரு மாடி வீடு. கீழ்வீட்டுல ஹவுஸ் ஓனர் அக்கா, அவங்க பொண்ணு. பொண்ணு ரெண்டாம் கிளாஸ். சாயங்காலம் ஆனா மேல வந்து, நான் மீட்டிங்ல இருக்கேனான்னு எட்டிப் பார்க்கும். ஒரு நாள் "மீன் வளர்க்கலாமாண்ணா?"ன்னு கேட்டது. நானும் சரின்னுட்டேன்.

மதுரைக்குப் போன ஒரு சனிக்கிழமை, 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஃபில்டர், ஆறு கோல்டு ஃபிஷ் வாங்கிட்டு வந்தேன். கடையில் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "தண்ணிய ஒரு நாள் வெச்சுட்டு மீனை விடுங்க, போதும்." ஞாயித்துக்கிழமை விட்டோம். அந்தக் குழந்தை ஆறுக்கும் பேர் வெச்சது. செவ்வாய்க்கிழமை மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வியாழக்கிழமை கடைசி மீனும் போச்சு.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தது. எனக்குப் புரியாதது அதுதான். அழுக்கே இல்லாத தண்ணில மீன் எப்படிச் சாகும்?

தெளிவான விஷம்

மீன் தன் உடம்புக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியா அம்மோனியாவா வெளியே விடும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது, ஆனா விஷம். குளத்துலயும் ஆத்துலயும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் குறைஞ்ச அளவுல இருந்தா மீன் தாங்கும், செடியும் எடுத்துக்கும்.

புதுத் தொட்டில இந்த ரெண்டு கூட்டமும் இருக்காது. அதுங்க குடியேறிப் பெருகற வரைக்கும் காத்திருக்கிறதுக்குப் பேர்தான் சைக்கிளிங். சாதாரணமா நாலுலேர்ந்து ஆறு வாரம். நான் காத்திருந்தது ஒரு ராத்திரி.

சாஃப்ட்வேர்ல நாங்க டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணா, அடுத்த நாள் ஒரு பேட்ச் போட்டுச் சரி பண்ணிடலாம். இங்க அப்படி இல்ல. அந்தப் பொண்ணு ஆறு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தது.

சரி, இந்தச் சுழற்சி இருக்குன்னு முதல்ல யாருக்குத் தெரிஞ்சது? தேடிப் போனா ஒரு அப்பா, ஒரு பையன் கதை கிடைச்சது.

அப்பா: 1850

ராபர்ட் வாரிங்டன் லண்டன்ல ஒரு வேதியியலாளர். 1849-ல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்துல தண்ணி, மண், நாடா மாதிரி நீள இலை விடுற வாலிஸ்நேரியா செடி, ரெண்டு சின்ன கோல்டு ஃபிஷ் வெச்சார். கவனிங்க, ரெண்டு. நான் விட்டது ஆறு.

கொஞ்ச நாள்ல பழைய இலைகள் அழுகித் தண்ணி கெட ஆரம்பிச்சது. அவர் தண்ணியை மாத்தல. அந்த அழுகலைத் தின்ன குளத்து நத்தைகளை விட்டார். தொட்டி தெளிஞ்சது. செடி ஆக்சிஜன் தருது, மீன் அதைச் சுவாசிக்குது, நத்தை சுத்தம் பண்ணுது: இந்தச் சமநிலையை 1850-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டில விளக்கினார். அப்புறம் மீன் தொட்டி இங்கிலாந்துல பெரிய மோகமாச்சு. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைல மீனுக்குன்னே ஒரு கட்டடம் திறந்தாங்க.

ஆனா வாரிங்டனோட கணக்குல ஒரு ஆள் விட்டுப்போச்சு. அந்த மண்ணுலயும் கண்ணாடிச் சுவர்லயும் இருந்த பாக்டீரியா. அவர் மாசக்கணக்குல பொறுமையா இருந்ததால, அதுங்க தானா வேலையை முடிச்சிருந்தன. தொட்டி ஏன் பிழைச்சதுன்னு அவருக்கு முழுசாத் தெரியாது.

வெடியுப்பும் ஒரு கண்ணாடிக் குழாயும்: 1877

நைட்ரேட்டை அந்தக் காலத்துல மீனுக்காக யாரும் தேடல. துப்பாக்கி மருந்துக்காகத் தேடினாங்க. நம்ம ஊர்ல வெடியுப்புன்னு சொல்றோமே, அது பொட்டாசியம் நைட்ரேட். பீகார்ல மாட்டுக் கொட்டகை, பழைய மண் சுவர் பக்கத்து மண்ணைச் சுரண்டி, கரைச்சு, காய்ச்சி எடுப்பாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போச்சு. மாட்டு மூத்திரம் விழுந்த மண்ணுல உப்பு பூக்கும்னு எல்லாருக்கும் தெரியும். எப்படின்னுதான் தெரியாது. காத்தும் மண்ணும் சேர்ந்து நடக்கிற வெறும் வேதியியல்னே பல பேர் நினைச்சாங்க.

1877-ல் பிரான்ஸ்ல ஷ்லோசிங், ம்யூன்ஸ்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே சுட்ட மணல், கூடக் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள். மேலேருந்து சாக்கடைத் தண்ணியை மெதுவா விட்டாங்க. கீழே வர்ற தண்ணில என்ன இருக்குன்னு அளந்தாங்க.

இருபது நாள் ஒண்ணுமே நடக்கல. போன அம்மோனியா அப்படியே வெளிய வந்தது. அதுக்கப்புறம் நைட்ரேட் எட்டிப் பார்த்தது. கூடிக்கிட்டே போய், கடைசில அம்மோனியாவே இல்லாமப் போச்சு.

இதுதான் முக்கியம். வெறும் வேதியியலா இருந்தா முதல் நாளே நடந்திருக்கணும். இருபது நாள் ஆச்சுன்னா, உள்ளே ஏதோ ஒண்ணு வளர்ந்துகிட்டு இருந்திருக்கு. அதை உறுதி பண்ண, குழாய்க்குள்ள குளோரோஃபார்ம் ஆவியை விட்டாங்க. நைட்ரேட் நின்னுபோச்சு. அப்புறம் நல்ல மண்ணைக் கலக்கின தண்ணியைக் கொஞ்சம் ஊத்தினாங்க. சில நாள் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சது.

நான் இதைப் படிச்சப்ப நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குழாய் ஒரு அக்வாரியம் ஃபில்டரேதான்.

பையன்: 13 வருஷம்

இங்கதான் பையன் வர்றார். அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன். இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலை. பிரெஞ்சுக்காரங்க சோதனையைப் பார்த்துட்டு 1878 வாக்கில் இதே கேள்வில இறங்கினார். இது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. ஒரு உயிரி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குது, இன்னொண்ணு நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குதுன்னு அவரோட சோதனைகள் காட்டின.

அந்த உயிரியைத் தனியாப் பிரிச்சு எடுக்க மட்டும் அவரால முடியல. அப்போ பாக்டீரியாவை ஜெலட்டின்ல வளர்ப்பாங்க. இந்த ஜாதிக்கு அந்தச் சாப்பாடே வேண்டாம். அம்மோனியாவை எரிச்சுச் சக்தி எடுக்கும், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வெச்சு உடம்பைக் கட்டும். அதனாலதான் ரொம்ப மெதுவா வளருது. தயிர்ல இருக்கிற பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள்ள இரட்டிக்கும். இதுக்கு நல்ல சூழ்நிலைலயே அரை நாளுக்கு மேல ஆகும்.

1890-ல் ஜூரிக்ல இருந்த ரஷ்யர் செர்ஜி வினோகிராட்ஸ்கி அதைப் பிரிச்சார். அப்பா தொட்டி வெச்சு 40 வருஷம் கழிச்சு. அதோடயும் முடியல. 1990-கள்ல மரபணு வெச்சுப் பார்த்தப்ப, நன்னீர்த் தொட்டிகள்ல ரெண்டாவது வேலையைச் செய்யறது புத்தகங்கள்ல சொன்ன நைட்ரோபாக்டர் இல்ல, நைட்ரோஸ்பைரான்னு தெரிஞ்சது. 2015-ல் அந்த நைட்ரோஸ்பைரால சில வகை ரெண்டு வேலையையும் தனியாவே செய்யும்னு கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணு கிடைச்சது ஒரு மீன் வளர்ப்பு அமைப்போட ஃபில்டர்ல!

மாவு புளிக்காத ஊர்

நம்ம ஹாலுக்கு வருவோம். ரெண்டாவது தடவை மீன் இல்லாமலே ஆரம்பிச்சேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி. அது அழுகி அம்மோனியா வரும். டெஸ்ட் கிட் வாங்கினேன். அம்மோனியா இருந்தா குழாய்ல பச்சை, இல்லன்னா மஞ்சள்.

பத்து நாள், பச்சை. பதினெட்டு நாள், இன்னும் அடர்ப் பச்சை. அந்தப் பொண்ணு தினமும் வந்து "மீன் எப்பண்ணா?"ன்னு கேட்கும். நான் குழாயைக் காட்டுவேன். முகம் தொங்கிப் போகும்.

ஒரு நாள் அக்காகிட்ட இதைப் புலம்பினேன். அவங்க சிரிச்சாங்க. "தம்பி, இங்க இட்லி மாவே ரெண்டு நாள் ஆகும் புளிக்க. மதுரை மாதிரி ராத்திரி அரைச்சுக் காலைல ஊத்த முடியாது. நான் பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்து அடுப்பு பக்கத்துல வெச்சிருவேன்."

எனக்குப் பளிச்சுன்னு பட்டது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். தொட்டித் தண்ணி 15 டிகிரி. அந்தக் குளிர்ல இந்த பாக்டீரியா தூங்கும். நான் பொறுமையா இருந்தேன், சரி, ஆனா சும்மா இருந்தேன். பொறுமைன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது இல்ல. அந்த உயிருக்கு என்ன வேணுமோ அதைக் கொடுத்துட்டு, அதோட வேகத்துக்கு விடறது.

மூணு விஷயம் பண்ணேன். முதல்ல ஹீட்டர், 26 டிகிரி. ரெண்டாவது, எங்க வீட்டுத் தண்ணி ரொம்ப மென்மை, பி.ஹெச் இறங்கிக்கிட்டே இருந்தது. அமிலம் கூடினாலும் இந்த பாக்டீரியா வேலையை நிறுத்திரும். ஷ்லோசிங் குழாய்ல சுண்ணாம்புக்கல் ஏன் இருந்ததுன்னு அப்பதான் உறைச்சது. ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் சில்லை ஃபில்டர்ல போட்டேன். மூணாவது, பழைய மாவு. மதுரைல ரெண்டு வருஷமா தொட்டி வெச்சிருக்கிற நண்பன்கிட்ட, அவன் ஃபில்டர்ல இருந்த அழுக்கு ஸ்பான்ஜ்ல பாதியை ஈரத்தோட கவர்ல வாங்கிட்டு, வத்தலக்குண்டு வழியா பஸ்ல வந்தேன். அந்தக் கலெக்டர் லெவிஞ்ச், கொடைக்கானல் ஏரிக்கு முதல் படகைத் தூத்துக்குடிலேர்ந்து கொண்டு வந்தார்னு சொல்வாங்க. நான் கொண்டு வந்தது இது.

27-ம் நாள் அம்மோனியா குறைய ஆரம்பிச்சது, நைட்ரைட் குழாய் ஊதா ஆச்சு. 41-ம் நாள் ரெண்டுமே பூஜ்யம். முதல்ல சொன்னது அந்தப் பொண்ணு: "அண்ணா, மஞ்சள்! இது நீலம்!"

ஏரி

அன்னிக்குச் சாயங்காலம் ஏரியைச் சுத்தி நடந்தேன். மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல், ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி, சதுப்பா இருந்த பள்ளத்தை ஏரியாக்கினார். சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். அதுவும் ஒரு புதுத் தொட்டிதான். ஆனா சேறு, செடி, ஓடைத் தண்ணி எல்லாம் பழசு. பழைய மாவு அதுல முதல் நாளே இருந்தது.

இருந்தாலும் அந்த பாக்டீரியாவுக்கு ஒரு எல்லை இருக்கு. அது விஷத்தை மாத்தும், காணாமப் போகவைக்காது. நைட்ரேட் தண்ணிலயே நிக்கும். என் தொட்டில வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தி அதை வெளியே எடுத்துடறேன். ஏரிக்கு அப்படி யாரும் தண்ணி மாத்தப் போறதில்ல. கழிவுநீர் கலக்கறதும் களை மண்டறதும் கொடைக்கானல்காரங்க பல வருஷமாப் பேசற விஷயம். அந்தக் களை திங்கிறது இதே நைட்ரேட்டைத்தான். ஒரு தண்ணி எவ்வளவு தாங்கும்னு பார்க்காம, மேல மேல ஏத்திக்கிட்டே போறது. ஆறு கோல்டு ஃபிஷ்ல நான் பண்ண தப்பும் அதுதான்.

அடுத்த வாரம் மூணே மூணு ஜீப்ரா மீன் வாங்கிட்டு வந்தோம். விட்டதும் அந்தப் பொண்ணு கண்ணாடிகிட்ட உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தது. "பேர் வைக்கலையா?"ன்னு கேட்டேன்.

"ஒரு வாரம் போகட்டும்ணா. அப்புறம் வைக்கலாம்."

வெச்சாச்சு. மூணும் நல்லா இருக்கு.