வாடிக்கையாளர் சொல்லை நம்பலாமா? – திகன தரும் பாடம்

இணையத்தில் ஒரு பொருளை வாங்க முற்படுபவர் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது விலையை அல்ல. தமக்கு முன்னர் அதனை வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையே பார்க்கிறார். கூரியரில் வரும் கைபேசி உறையானாலும், கண்டியில் ஓர் இரவு தங்குவதற்கான விடுதியானாலும் முன்பின் அறியாத ஒருவரின் சொல்லே தீர்மானிக்கிறது. அந்தச் சொல்லை நம்பலாமா என்ற விவாதம் உலகெங்கும் நடைபெறுகிறது. ஆனால் அது பெரும்பாலும் காசு வாங்கிக்கொண்டு எழுதப்படும் பொய்ப் புகழ்ச்சியைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. பொய்ப் பழியைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கண்டி–மகியங்கனை வீதியில் அமைந்துள்ள திகனவின் கதையை அறிந்த எமக்கு இந்த இரண்டாவது விடயமே பெரிதாகத் தெரிகிறது.

முதலில் புகழ்ச்சியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1995ஆம் ஆண்டு நூல் விற்பனையை ஆரம்பித்த அமேசன் நிறுவனம், வாசகர்கள் தமது அபிப்பிராயங்களைத் தாமே எழுத இடமளித்தது. 1996இல் ஈபே நிறுவனம், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் கருத்துப் பதியும் முறையைக் கொண்டுவந்தது. முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பி வணிகம் செய்வதற்கு இது ஒரு நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் 2004 பெப்ரவரியில் அமேசனின் கனடாத் தளத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறினால், புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்தன. தமது நூலைத் தாமே மெச்சி எழுதிய ஆசிரியர்கள் அப்போது அகப்பட்டுக்கொண்டார்கள். 2015இல் காசுக்கு மதிப்புரை எழுதித் தருவதாக விளம்பரம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது அதே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2017இல் இலண்டனில் ஓர் இளைஞர் தமது வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்தார். அதுவரை அங்கு ஒருவருக்கேனும் உணவு பரிமாறப்பட்டிருக்கவில்லை. எனினும் நண்பர்கள் எழுதிய பொய் மதிப்புரைகளின் பலத்தில் அது டிரிப்அட்வைசர் தளத்தில் இலண்டனின் முதலாவது உணவகமாக உயர்ந்தது.

அரசாங்கங்கள் விழித்துக்கொள்ளக் காலம் பிடித்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரத்தை வெளியிட்டது. அது அப்போது கட்டாயமாக்கப்படவில்லை. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் அவ்வாறான தடை 2025 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது.

இவற்றினால் ஏற்படும் நட்டத்தை அளந்துவிடலாம். பொய்யான ஐந்து நட்சத்திரத்தை நம்பியவர் ஒரு மட்டமான மின்விசிறியை வாங்கிவிடுவார். சில ஆயிரம் ரூபாய் போகும். பொய்யான ஒரு பழியை ஓர் ஊரே நம்பினால் என்ன போகும் என்பதற்குத்தான் அளவுகோல் கிடையாது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த வாடிக்கையாளர் ஒருவர் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டார். உணவில் கட்டி கிடந்தால் எவரும் முறையிடுவர். அது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் அன்று எழுந்த முறைப்பாடு சமையலைப் பற்றியது அல்ல. அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கூட்டம் சேர்ந்தது. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கறியிலிருந்த மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, “ஆம், போட்டோம்” என்று பொருள்படும் விதத்தில் அவர் தடுமாறிப் பதில் சொன்னார். அது கைபேசியில் பதிவானது. பதிவு பேஸ்புக்கில் ஏறியது. அந்தக் கடை அடித்து நொறுக்கப்பட்டது. நகரின் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. இதனை மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கறியிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரி அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்திற்கு அனுப்பப்பட்டது. அது மாவுப் பொருளாலான கட்டி என்றும், மலடாக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை என்றும் மார்ச் மாதத்தில் அறிக்கை வந்தது. ஒரு மாவுக் கட்டியை மாவுக் கட்டி என்று நிரூபிக்க ஆய்வுகூடத்திற்குச் சில நாட்கள் தேவைப்பட்டன. அதனை மாத்திரை என்று நாடெங்கும் பரப்புவதற்குச் சில மணி நேரம் போதுமாக இருந்தது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்தகக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினர் என்ற இன்னொரு கட்டுக்கதையும் பரவியது.

இந்தச் சூழலில்தான் திகன எரிந்தது. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் மாத ஆரம்பத்தில் அவர் கண்டி வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது ஒரு குற்றச்செயல். சந்தேகநபர்கள் கைது செய்யப்பட்டும் இருந்தனர். ஆயினும் மார்ச் 5ஆம் திகதி திகன நகரில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றினுள் ஒரு முஸ்லிம் இளைஞரின் சடலம் கிடந்தது. வன்முறை மெனிக்ஹின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று கண்டி மாவட்டமெங்கும் பரவியது. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப் உள்ளிட்டவை முடக்கப்பட்டன; பேஸ்புக் மீதான தடை 15ஆம் திகதி நீக்கப்பட்டது.

அம்பாறைக் கறியே திகனவை எரித்தது என்று நான் சொல்லவரவில்லை. உடனடிக் காரணம் சாரதியின் மரணம். அதனைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அமைப்பு ரீதியாகச் செயற்பட்டவர்கள். ஆனால் ஒரு தனிப்பட்ட குற்றத்துக்குத் தண்டனையாக அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைக்காரரின் கடை ஏன் எரிய வேண்டும்? அந்தக் கடையில் விற்கப்படும் உணவு, உடை எல்லாமே சந்தேகத்துக்குரியவை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்ததே அதற்கான மனநிலையைத் தயாரித்தது.

திகனவைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள வேதனை விளங்கும். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. இடம்பெயர்ந்தவர்களும் புதிதாக வந்தவர்களுமாகச் சேர்ந்து வளர்ந்த பிரதேசம் இது. சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டப்புறத் தமிழர் மூவரும் ஒரே வீதியில்தான் பொருள் வாங்குவர். இத்தகைய ஊர்க் கடைகளில் மதிப்புரை என்பது கடனுக்குப் பொருள் கொடுக்கும் கொப்பிக்குள்ளேயே இருந்தது. அரிசி புழுத்திருந்தால் வாங்கியவர் மறுநாள் நேரில் வந்து முகத்துக்கு முன்னால் சொல்வார்; கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். குற்றம் சொல்பவருக்கும் ஒரு பெயர் இருந்தது, கேட்பவருக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அவ்விரண்டும் இல்லாத சொல்தான் கைபேசி வழியாக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

கண்டிக்கு இது புதிய அனுபவமும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் கைபேசியின் இடத்தில் அச்சு இயந்திரம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநகாரிக தர்மபாலவின் ‘சிங்கள பௌத்தயா’வும் பியதாச சிறிசேனவின் ‘சிங்கள ஜாதிய’வும் தென்னிந்தியக் கரையோரச் சோனகரிடம் பொருள் வாங்கவேண்டாம் என்று சிங்களவருக்கு எடுத்துரைத்துவந்தன. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் பொருள்களின் விலை ஏறியது. கடைக்காரர்தான் அதற்குக் காரணம் என்ற எண்ணம் வலுத்தது. கம்பளையில் பெரஹெர ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றி 1912இல் எழுந்த தகராறு நீதிமன்றம் சென்று, 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்தது. அந்த மே மாதம் 28ஆம் திகதி இரவு, வெசாக் பவனியின்போது கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலவரம் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. முதலில் சூறையாடப்பட்டவை கடைகளே. ஜூன் 2இல் பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, குற்றமற்ற சிங்களவர் பலரையும் கொடுமையாகத் தண்டித்தது. அதனைச் சட்டசபையில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ‘சிங்கள பௌத்தயா’ தடைசெய்யப்பட்டது.

விலை அதிகம் என்பது நியாயமான வாடிக்கையாளர் முறைப்பாடு. இன்ன கடையில் எடை குறைவு என்பதும் அவ்வாறே. ஆனால் “இன்ன இனத்தவரிடம் வாங்காதே” என்று அது மாறும் கணத்திலேயே பொருள் மறைந்துவிடுகிறது. ஆள் மட்டுமே எஞ்சுகிறான். 1915க்கும் 2018க்கும் இடையில் மாறாதிருப்பது இந்தத் தாவல்தான். 2013இல் பொதுபல சேனா ஹலால் இலச்சினைக்கு எதிராக இயக்கம் நடத்தியபோதும் இதுவே நடந்தது. பிஸ்கட்டின் தரத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், உள்நாட்டுச் சந்தைப் பொருள்களில் இலச்சினை இல்லாமலாக்குவதற்கு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இணங்கவேண்டி வந்தது.

பத்திரிகைத் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், குற்றத்தை இணையத்தின் தலையில் மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. 2019 மே 23ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் சூடு தணியாத நேரத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களத் தாய்மார் நாலாயிரம் பேருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்ற செய்தியைத் தலைப்பில் தாங்கி வந்தது ‘திவயின’ நாளேடு. குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஒருவர் அதனையடுத்துக் கைதானார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அச்சில் வந்ததென்பதால் மட்டும் ஒரு சொல் உண்மையாகிவிடுவதில்லை.

எனினும் அச்சுக்கூடத்தில் சில வழக்கங்கள் இருந்தன. ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் பெயரும் முகவரியும் இல்லாதவை குப்பைக் கூடைக்குப் போகும். புனைபெயரில் பிரசுரிக்கலாம், ஆனால் எழுதியவர் யாரென்று எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கடையின் மீதோ நிறுவனத்தின் மீதோ குற்றம் சொல்லப்பட்டால், மறுதரப்பைத் தொடர்புகொண்டு பதில் கேட்காமல் அதனை அச்சேற்றக்கூடாது. பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுத வேண்டும். இவை எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டன என்று சொல்ல முடியாது. ஆனால் மீறினால், மீறப்பட்டது இன்னது என்று சுட்டிக்காட்ட ஒரு விதி இருந்தது. நட்சத்திரங்களின் உலகில் எண்ணிக்கைதான் விதி. ஆயிரம் பேர் பகிர்ந்தால் அது உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. ஆயிரம் பேரும் ஒரே காணொளியைப் பார்த்தவர்கள், ஒருவரேனும் அந்தக் கறியைச் சோதித்தவர் அல்லர் என்பது கணக்கில் வருவதில்லை. வழக்குமன்ற மொழியில் சொன்னால் இது ஆயிரம் சாட்சியம் அல்ல. ஒரே சாட்சியத்தின் ஆயிரம் பிரதிகள்.

எமது சட்டங்களும் இங்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. வாடிக்கையாளரின் பெயரால் ஒரு வர்த்தகரைப் பொய்யாகப் பழிப்பது அதன் நோக்கெல்லைக்குள் வருவதில்லை. இனவெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக 2007ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் தொடர்பான சட்டம் இருக்கிறது. ஆனால் அது எழுத்தாளர் மீதும் பாய்ந்திருக்கிறது. 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று ஊடக அமைப்புகள் எதிர்த்தன. பேஸ்புக் நிறுவனமோ தனது தளம் 2018 வன்முறையில் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அது இரண்டாண்டு தாமதம்.

அப்படியானால் வாடிக்கையாளர் சொல்லை நம்பலாமா? சாட்சியை நம்புவதைப் போல நம்பலாம் என்பதே என் விடை. எழுதியவர் உண்மையில் அப்பொருளை வாங்கியவரா? தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? பொருளின் குறையை விவரிக்கிறாரா, விற்றவரின் பெயரையும் மதத்தையும் விவரிக்கிறாரா? விற்றவரின் பதில் எங்கேனும் இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் தேறிய மூன்று நட்சத்திரம், தேறாத ஐந்து நட்சத்திரத்தை விடப் பெறுமதியானது. மூன்றாவது கேள்விக்குத் தவறான பதில் வருமாயின், மேற்கொண்டு வாசிக்கவே தேவையில்லை.

மின்விசிறி வாங்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகியவர், காணொளி ஒன்றைப் பகிர்வதற்கு முன்னரும் அவற்றைக் கேட்பார் என்று நம்புகிறேன். அம்பாறையில் அன்றிரவு கூடியவர்களுள் ஒருவராவது “சமைத்தவரை அவருடைய மொழியிலேயே கேட்டுப் பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால், அந்தக் கறியின் கதை அந்தக் கடைக்குள்ளேயே முடிந்திருக்கும்.