எல்காட்டும் திறமூல மென்பொருளும்

தமிழ்நாடு அரசின் கணினிக் கொள்முதலில் வணிக மென்பொருள் நிறுவனங்களுக்கும் திறமூல ஆதரவாளர்களுக்கும் இடையே எழுந்த இழுபறி. உரிமக் கட்டணம், மூல நிரலைத் திருத்தும் உரிமை, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருத்தல் ஆகியவை இதன் மையக் கேள்விகள்.

சூசே லினக்ஸ்: சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்ஸ் இயங்குதளத்துக்கும் ஓப்பன் ஆபீஸ் அலுவலக மென்பொருளுக்கும் மாற்றியது. அப்போது சூசேயின் உரிமையாளர் நோவெல். அந்நிறுவனம் 2006 நவம்பரில் மைக்ரோசாப்டுடன் காப்புரிமை உடன்பாடு செய்துகொண்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. அத்தகைய உடன்பாடுகளைத் தடுக்கும் விதிகள் 2007 ஜூனில் வெளியான, கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

பாஸ் லினக்ஸ்: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்குத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் நிறுவித் தரப்பட்டது. விண்டோஸுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது மாணவர்களை ஒரே நிறுவனத்தின் பொருளுக்குப் பழக்கும் என்பது திறமூல ஆதரவாளர்களின் வாதம்.

பின்னர்: விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியதை ஒட்டி, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு துறைகளை மாநில அரசு கேட்டுக்கொண்டது. 2015இல் திறமூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது.