யோகி பி

யோகி பி மலேசியத் தமிழ் ராப் பாடகர், பாடலாசிரியர். இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். 1990களில் கோலாலம்பூரின் 'பொயெட்டிக் அம்மோ' குழு வழியாக அறியப்பட்டார். 2006இல் வெளிவந்த 'வல்லவன்' இசைத்தொகுப்பு அவரைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்து தமிழ்த் திரையிசையில் இவ்வளவு காலம் நிலைத்த ராப் குரல் வேறொன்று இல்லை. தனித்தொகுப்புகளின் எண்ணிக்கையில் அவர் பின்தங்கியவர்தான். பிறருடன் சேர்ந்து பாடியவற்றில்தான் அவருடைய இசைவாழ்வின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முன்கதை

அவர் வருவதற்கு முன்பே சென்னைக்கு ராப் தெரியும். ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'ஜென்டில்மேன்' (1993) படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே', 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' இரண்டிலும் சுரேஷ் பீட்டர்ஸ் பாடினார். பின்னர் ராப் பாடகர் பிளேஸ், ரகுமானின் பாடல்களில் ஆங்கில ராப் பகுதிகளுக்கு வழக்கமான குரலானார். ஆனால் இவையெல்லாம் இசையமைப்பாளர் போட்ட மெட்டுக்குள் ராப் வந்து போன பாட்டுகள். ராப் கலைஞர்களே எழுதி, பாடி, தங்கள் பெயரில் வெளியிடும் தமிழ் இசைத்தொகுப்பு என்ற எண்ணம் கோடம்பாக்கத்தில் அப்போது வேரூன்றவில்லை. திரைப்படத் தொழில் கையெட்டும் தூரத்தில் இல்லாத மலேசியத் தமிழ் இளைஞர்களுக்கோ சொந்தமாகத் தொகுப்புப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பொயெட்டிக் அம்மோ

யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி.லோகோ ஆகிய நால்வரும் சேர்ந்த குழு இது. முதல் தொகுப்பு 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' 1998இல் வந்தது. ஆங்கிலமே முதன்மை என்றாலும் மலாய், தமிழ், கான்டனீஸ் மொழிகளும் கலந்திருந்தன. கோலாலம்பூர்த் தெருவில் ஒருவர் ஒரே நாளில் இத்தனை மொழிகளையும் கேட்டுப் பேசிக் கடப்பது இயல்பு; குழு அதையே பாட்டாக்கியது.

வல்லவன்

டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் அமைத்த 'யோகி பி & நட்சத்திரா' கூட்டணியின் தொகுப்பு 'வல்லவன்'. இதில் 'மடை திறந்து' தமிழ்நாட்டில் பெரும் புகழ் பெற்றது. பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டின் மறுவடிவம் அது.

பழைய பாட்டைத் தட்டித் தூசி நீக்கி வேகத்தாளம் போடுவது அந்த ஆண்டுகளில் பெரிய வணிகம். 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்திலும், 'சொர்க்க'த்தின் 'பொன்மகள் வந்தாள்' 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்திலும் திரும்பி வந்தன. 'மடை திறந்து' அந்த வரிசையில் சேராது. மூலப்பாட்டு, வாய்ப்புக்காக அலையும் இளம் இசைக்கலைஞன் ஒருவன் தன் திறமை ஊரறியும் நாளைக் கனவு காணும் காட்சிக்கானது. ராப் மரபில் பாடகன் முதலில் செய்வதும் அதுதான்: நான் யார், என் கைவரிசை என்ன என்று முழங்குவது. பல்லவியின் மெட்டைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு, சரணங்கள் வரவேண்டிய இடத்தில் மூவரும் மாறி மாறித் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். 26 ஆண்டு இடைவெளியில் இரண்டு பாட்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்பதால் ஒட்டுப்போட்ட தழும்பு தெரிவதில்லை.

வரியமைப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஆங்கில ராப் பெரிதும் அடியின் இறுதியில் வரும் இயைபை நம்பி நிற்பது. தமிழில் வினைமுற்றுகள் ஒரே விகுதியில் முடிவதால் இயைபு மலிவாகக் கிடைத்துவிடும், சுவை குறையும். எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் வருபவை. தமிழில் ராப் எழுதுபவர் இரண்டு முனையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். யோகி பி தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆங்கிலத் தொடரைக் குறுக்கே விட்டு இந்தச் சிக்கலைக் கடக்கிறார். தூய தமிழ் அன்பர்களுக்கு இது உறுத்தலாம். மலேசியத் தமிழர் பேச்சோ அப்படித்தான் இருக்கிறது.

திரைப்பாடல்கள்

வெற்றிமாறனின் முதல் படமான 'பொல்லாதவன்' (2007) படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் மறுவடிவத்தில் ஜி.வி.பிரகாஷ்குமார் இவரைப் பயன்படுத்தினார். எம்.எஸ்.விசுவநாதனின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு அது. மூலத்தைப் பாடிய எஸ்.பி.பி.யே மறுவடிவத்திலும் உடன் பாடினார். 'எந்திரன்' (2010) படத்தின் 'பூம் பூம் ரோபோ டா'வில் கீர்த்தி சகாத்தியா, ஸ்வேதா மோகன், தன்வி ஷா ஆகியோருடன் பாடினார்.

'ஆடுகளம்' (2011) படத்தின் 'போர்க்களம்' தனித்துச் சொல்லத்தக்கது. மதுரைச் சேவல்கட்டுக் கதையில் மலேசிய ராப்புக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அல்வா வாசுவின் கரடுமுரடான குரலும் யோகி பியின் கனத்த குரலும் மோதும்போது அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. திரைக்காக அவர் பாடியவற்றில் இதுவே சிறந்தது.

அடுத்த கட்டத்தில் அவர் பெரிய நட்சத்திரங்களின் முழக்கப் பாட்டுகளுக்கான குரலாகிறார். அனிருத் இசையில் 'விவேகம்' (2017) படத்தின் 'சர்வைவா', 'தர்பார்' (2020) படத்தின் 'தனி வழி', 'விடாமுயற்சி' (2025) படத்தின் 'பத்திக்கிச்சு' ஆகியவை அவ்வகை. கம்பீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாயகன் நடந்துவரும் சில நொடிகளுக்கு வலுவூட்டுவதே பெரும்பாலும் அவருக்கு ஒதுக்கப்படும் வேலை. சந்தோஷ் நாராயணன் இசையில் பா.ரஞ்சித்தின் 'காலா' (2018) படத்துக்காக அருண்ராஜா காமராஜ், ரோஷன் ஜாம்ராக் இருவருடன் பாடிய 'கற்றவை பற்றவை' விதிவிலக்கு. அங்கே ராப் தன் எதிர்ப்புக் குணத்தோடு வந்தது. அதே படத்தில் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழுவும் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் பின்வந்தோர்

'வல்லவன்' வந்த ஆறாம் ஆண்டில், 2012இல், ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டனர். திரைப்படத்துக்கு வெளியே தமிழ் ராப் விற்கும் என்பது அதில் உறுதியானது. அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் 'தெருக்குறள்' தொகுப்பைக் கொண்டுவந்தனர்.

சென்னையின் வடபுறத்துக்கு ராப்பை ஒத்த ஒரு சொந்த மரபு உண்டு. மின்சார ரயிலில் பெட்டியின் தகரச் சுவரைத் தட்டிக் கல்லூரி மாணவர்கள் பாடும் கானா, தாளத்தின் மேல் பேச்சை ஏற்றுவதில் ராப்புக்கு நெருங்கிய உறவு. மரணம், காதல், கேலி, ஊர்ப் பெருமை எதுவும் அதில் நுழையலாம். யோகி பியின் பாட்டுகளில் கானாவின் சாயல் ஏறக்குறைய இல்லை. அவர் பயின்ற பள்ளி அமெரிக்க ஹிப்ஹாப்பும் இளையராஜாவும். கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. டென்மா வழிநடத்திய அக்குழுவில் கானா பாடகர்களோடு அறிவும் இருந்தார்.